கரைப் பக்கம் உட்கார்ந்த ஏழு வருஷம்

காஞ்சிபுரத்தில் முகூர்த்த நாளன்று பேருந்து நிலையத்தில் பத்து நிமிடம் நின்றால் போதும். நான் போட்ட கரை வைத்த புடவை கட்டிக்கொண்டு நாலு பேராவது என்னைத் தாண்டிப் போவார்கள். அவர்களுக்கு என்னைத் தெரியாது. கரைக்கு யார் பேர் எழுதி வைக்கிறார்கள்? ஆனால் தறிக்காரர்களுக்குத் தெரியும், கடைக்காரர்களுக்குத் தெரியும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். கல்லூரியில் டிசைன் படித்துவிட்டு வருகிற பிள்ளைகள் இன்று என் வீட்டுக் கூடத்தில் பாயில் உட்கார்ந்து, நான் சொல்வதை நோட்டில் எழுதிக்கொண்டு போகிறார்கள். இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது. நானாகச் சம்பாதித்த பெருமையை நான் ஏன் மூடி வைக்க வேண்டும்?

அவர்கள் கேட்பது ஒன்றுதான். இத்தனை கரை எப்படித் தோன்றியது, அதற்கு என்ன பழக்கம் வைத்திருந்தீர்கள் என்பார்கள். ஏதோ கோயில் தூணைப் பார்த்து எடுத்தேன் என்று நான் சொல்வேன் என்று பேனாவைத் திறந்து வைத்திருப்பார்கள். ஏழு வருஷம் எழுந்திருக்க முடியாமல் ஓரிடத்தில் உட்கார்ந்திருந்தேன், அதனால்தான் என்பேன். சிரிப்பார்கள். அதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நான் ஐயம்பேட்டைக்காரன். எங்கள் வீட்டில் ஒரே தறிக்குழி, அதில் அண்ணன் இறங்கிவிட்டார். அறுபதுகளின் தொடக்கத்தில் எனக்குப் பெண் கொடுத்தவர் பெரிய காஞ்சிபுரத்தில் நெய்துகொண்டிருந்தவர். மனைவி இல்லாதவர். ஒரே பெண். நிச்சயத்தன்றே விஷயத்தைச் சொல்லிவிட்டார். தறியில் அவருக்குக் கரைப் பக்கம் போட்டுக்கொண்டிருந்த ஆள் நின்றுவிட்டான். வேறு கை கிடைக்கிற வரை மாப்பிள்ளை கூட உட்காரட்டும், அப்புறம் பின்கட்டில் தனிக் குழி வெட்டித் தறி போட்டுத் தருகிறேன் என்றார். எனக்கென்று ஒரு தறி. அந்த ஒரு சொல்லுக்காகத்தான் தலையாட்டினேன். பெண்ணையும் பிடித்திருந்தது, அது வேறு.

நெசவு தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்கள் புடவையில் உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடலில் ஓடுகிற நூல் கரைக்குள் போகாது, கரையில் ஓடுகிற நூல் உடலுக்குள் வராது. இரண்டும் சந்திக்கிற இடத்தில் ஒவ்வொரு வரிக்கும் ஒன்றை ஒன்று கொக்கி போட்டுக்கொண்டு திரும்ப வேண்டும். அதுதான் கோர்வை. அதற்கு ஒரு தறிக்கு இரண்டு பேர் வேண்டும். நெய்கிறவர் குழியில் காலைத் தொங்கவிட்டு மிதியை மிதித்து, உடலுக்கும் தன் இடது பக்கக் கரைக்கும் நூல் சுற்றிய நாடாவை எறிவார். வலது பக்கக் கரைக்கு ஒரு ஆள் தறியின் ஓரத்தில், தரையில், காலை மடக்கி உட்கார்ந்து எறிய வேண்டும். பத்து வயதுப் பிள்ளைகளை உட்கார வைக்கிற இடம் அது. நான் இருபத்து மூன்று வயதில், மீசையோடு அங்கே உட்கார்ந்தேன்.

குழியில் இருப்பவருக்குக் காலை நீட்ட இடம் உண்டு. ஓரத்தில் இருப்பவனுக்கு அதுவும் கிடையாது. முன்னால் தறி, முதுகுக்குப் பின்னால் சுவர், ஒரு பக்கம் நெல்லு மூட்டை. அவர் ஒரு நாடா எறிந்தால் நான் ஒரு நாடா எறிய வேண்டும். என் கை நின்றால் தறி நிற்கும். அவருக்குத் தாகம் எடுத்தால் நானும் தண்ணீர் குடிப்பேன். அவருக்கு எழுந்திருக்கத் தோன்றினால் நானும் எழுந்திருப்பேன். எனக்குத் தோன்றினால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். முதல் மாதம் "மாப்ள வாங்க, உக்காருங்க" என்றார். ஆடி வந்தபோது அது "மாப்ள வா" ஆயிற்று. இரண்டாம் தீபாவளிக்கு மேல் அதுவும் இல்லை, தொண்டையைச் செருமுவார், நான் போய் உட்கார்ந்துவிடுவேன்.

எதிர் வீட்டுத் தறிக்காரருக்கு நாக்கு நீளம். நான் தண்ணீர்க் குடத்தோடு தெருவில் போகும்போது ஒருநாள் நாலு பேர் நடுவில் கேட்டார்:

"இன்னாபா மாப்ள, மாமனாரு உன்ன எப்ப ஸ்கூல்ல சேக்கப் போறாரு?"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இனி என் பழக்கங்களைச் சொல்கிறேன். அந்த மூலையில்தான் அவை வந்தன. எனக்குப் பார்க்க இருந்தது ஒரு கையகல இடம், அந்தக் கரை மட்டும்தான். வேறு எதையும் பார்க்கத் தலையைத் திருப்பினால் கோர்வை தவறும். ஆகவே அதையே பார்த்தேன். எண்ணினேன். எந்த இழை மேலே ஏறினால் எந்தப் பூ விரிகிறது என்பது ஒரு வருஷத்தில் எனக்கு மனப்பாடம். இன்னொன்றையும் கண்டுபிடித்தேன். குழியில் உட்கார்ந்து நெய்கிறவருக்குக் கரை பக்கவாட்டில் படுத்துக்கொண்டு தெரியும். ஓரத்தில் உட்கார்ந்த எனக்குத்தான், விளிம்பு கீழே, உடல் மேலே என்று, ஒரு பெண் கட்டி நிற்கும்போது எப்படித் தெரியுமோ அப்படியே நிமிர்ந்து தெரியும். முப்பது வருஷம் குழியில் நெய்தவர்கள் தங்கள் கரையை ஒருநாளும் நேராகப் பார்த்ததில்லை. நான் தினமும் பார்த்தேன். என் கரைகள் மற்றவர்கள் கரையைவிட நன்றாக நிற்பதற்குக் காரணம் வேறு எதுவும் இல்லை, இதுதான்.

அடுத்தது, வரைந்து கிழிப்பது. கணக்குப் போடுகிற கட்டம் போட்ட நோட்டு வாங்கி வைத்திருந்தேன். ஒரு கட்டம் ஒரு இழை. விடிந்ததும் குளித்துவிட்டு, காபிக்கு முன்னால் ஒரு கரை போடுவேன். காய்ச்சல் வந்த அன்றும் போட்டேன், என் பெண் பிறந்த அன்றும் போட்டேன். ஏழாம் நாள் ஏழையும் வரிசையாக வைத்துப் பார்ப்பேன். ஒன்று தேறினால் அதிர்ஷ்டம், மற்றதைக் கிழித்து மனைவி கையில் கொடுத்துவிடுவேன். எங்கள் வீட்டு அடுப்பு பல வருஷம் என் கரையில்தான் பற்றியது. கிழிக்க மனம் வராதவன் வரைய வரக்கூடாது. இதை அந்தக் கல்லூரிப் பிள்ளைகளிடம் சொன்னால் பேனா எழுதும், முகம் நம்பாது.

எனக்குப் பேர் வாங்கித் தந்த முதல் கரை எங்கிருந்து வந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். கடைகளில் அதைக் கோபுரத்து அடுக்கு என்று சொல்லி விற்கிறார்கள். அது தபால்காரர் சைக்கிள். ஒரு காலை, தறியில் நெடுக்கே ஓடுகிற பாவு நூலைத் தெருவில் விரித்துக் கஞ்சி தோய்த்துக்கொண்டிருந்தோம். நூலெல்லாம் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டியிருக்க, நான் ஒரு முனையைப் பிடித்திருந்தேன். கஞ்சித் தண்ணீர் சொட்டித் தரை ஈரம். தபால்காரர் பாவை ஒட்டி ஓரமாக ஓட்டிக்கொண்டு போனார். டயர்த் தடம் அப்படியே பதிந்தது. சாய்ந்த கோடு, நடுவில் ஒரு மணி, மறுபடி சாய்ந்த கோடு. நான் முனையைத் தளரவிட்டு மாமனாரிடம் திட்டு வாங்கினேன். அந்தத் தடத்தைக் கட்டத்துக்குள் அடக்க எனக்கு நாலு மாதம் ஆயிற்று.

நெய்த புடவையைக் கடைக்குக் கொண்டுபோவதும் என் வேலைதான். ஒருமுறை முதலாளி புடவையைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தபோது அந்தத் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். எப்படித் துணிந்தேன் என்று இப்போதும் தெரியவில்லை. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வெகுநேரம் பார்த்தார்.

"பேப்பர்ல எல்லாமே அழகா தான் இருக்கும். நெய்ஞ்சி எடுத்தாந்து காட்டு" என்றார். எந்த இழை எப்போது ஏற வேண்டும் என்று தறிக்குச் சொல்கிற துளை அட்டையைக் குத்தித் தருவது அவர் பொறுப்பு. ஆனால் நான் குழியில் இறங்கி என் கையால் நெய்ய வேண்டும். தை மாதத்துக்குள் வரவில்லையென்றால் அந்த இடத்துக்கு வேறு ஒருவருடைய கரை காத்திருக்கிறது என்றும் சொன்னார்.

வீட்டுக்கு நடந்து வரவில்லை, ஓடி வந்தேன். மாமனார் கேட்டுவிட்டு நாடாவைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தார். நீ குழியில் இறங்கினால் ஓரத்தில் யார் போடுவார் என்றார். ஆள் தேடலாம் என்றேன். ஏழு வருஷமாகத் தேடிக்கொண்டுதானே இருக்கிறேன் என்றார். அவர் ஒருநாளும் தேடவில்லை என்பது எனக்குத் தெரியும். பின்கட்டுக் குழியைப் பற்றி நான் வாயெடுத்தபோது மெதுவாகச் சொன்னார்:

"உன் கை மாதிரி வராது மாப்ள. இந்த ஊர்ல எவனுக்கும் வராது."

அதைவிடப் பெரிய பாராட்டை எனக்கு யாரும் தந்ததில்லை. அதைவிடப் பெரிய பூட்டும் இல்லை. அன்று மாலை எனக்கு விளங்கிவிட்டது. நான் நன்றாகப் போடுவதால்தான் என்னை எழவிடவில்லை. ஒரு வரி தவறாதவனை எந்த முட்டாள் எழுப்புவான்? வெளியே வர ஒரே வழி, மோசமாகப் போடுவது.

மறுநாள் காலை அதைச் செய்தேன். அரக்கு நிற உடல், மாம்பழக் கரை. நான் கொக்கி போடாமல் கரை நூலைத் தனியாகத் திருப்பினேன். ஒரு வரி, பத்து வரி, ஒரு விரல் அகலம். உடலுக்கும் கரைக்கும் நடுவில் கத்தியால் கீறியது போல ஒரு வாய் திறந்துகொண்டது. இதோ கத்தப்போகிறார், இதோ என் கையைத் தட்டிவிடப்போகிறார், எழுந்து போடா என்று சொல்லப்போகிறார் என்று ஒவ்வொரு வரிக்கும் காத்திருந்தேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், தப்பாகப் போடுவது எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்தது. நாலு விரல் ஆயிற்று. ஒரு சாண் ஆயிற்று. அவர் அதே தாளத்தில் எறிந்துகொண்டே இருந்தார். கடைசியில் நான் கையை நிறுத்தி, அந்தக் கீறலுக்குள் கீழிருந்து என் சுட்டுவிரலை விட்டு, அவர் முகத்துக்கு நேராக ஆட்டினேன்.

"இன்னா மாப்ள, கை நின்னுட்ச்சி?" என்றார். விரலைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார்.

அவர் கண்ணுக்கு அது தெரியவில்லை. அறுந்த இழையெல்லாம் என்னையே கட்டச் சொன்னது ஞாபகம் வந்தது. உன் விரல் மெலிசு என்று சொல்லிச் சொல்லியே கட்ட வைத்தார். என் மனைவி நாடாவுக்குள் வைக்க நூல் தார் சுற்றிக் கொண்டுவந்து வைக்கும்போதெல்லாம் "நைனா, இது அரக்கு, இது மாம்பழம்" என்று சொல்லி வைப்பாள். அது அவள் பேச்சு வழக்கம் என்று நினைத்திருந்தேன். அவள் அப்போது தாரோடு வந்து நின்றாள். கீறலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அவளுக்கு எப்போதிருந்தோ தெரியும். தெரியாதவன் நான் ஒருவன்தான். தன் பக்கத்துக் கோர்வையை அவர் விரலால் தடவித் தடவிப் போட்டுக்கொண்டிருந்திருக்கிறார். என் பக்கத்தை என் கையை நம்பி விட்டிருந்திருக்கிறார். என்னை எழவிடாததற்குக் காரணம் அதுதான்.

மறுபடி கொக்கி போட ஆரம்பித்தேன். துணி சுருண்டு சுருண்டு அந்தச் சாணை உள்ளே வாங்கிக்கொண்டது. அன்று முழுக்க எனக்குள் ஒன்று ஓடியது. அதை மறைக்கமாட்டேன். நான் ஒன்றும் பேசாமல் இருந்தால் போதும். புடவை கடைக்குப் போகும், முதலாளி வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார், கரை கையோடு வரும். மாமனார் தறி அன்றோடு முடிந்தது. நான் விடுதலை. அப்படி நினைத்துக்கொண்டே, அவருடைய நாடாவுக்குச் சரியாக என் நாடாவை எறிந்துகொண்டிருந்தேன்.

என் புத்தி எப்படியோ, என் கை அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. அந்தக் கரை என் கை போட்டது. அது கழன்று வருவதை நான் கடையில் நின்று பார்க்க முடியாது. மறுநாள் அவர் தொண்டையைச் செருமியபோது நான் உட்காரவில்லை.

"மாமா, நேத்து ஒரு சாண் கோர்வை இல்லாம போட்டுட்டேன்."

"தவறிட்ச்சா?"

"இல்ல. வேணும்னு தான் போட்டேன்."

சுருட்டியதைப் பிரித்துத் தடவிப் பார்த்தார். அவர் விரல் கீறலில் இறங்கி, அதன் நீளத்துக்கும் போய்த் திரும்பி வந்தது. அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை.

"கடையில சொல்லிட்டியா?"

துணியைப் பற்றி அவர் கேட்கவில்லை, கண்ணைப் பற்றிக் கேட்டார். அந்தக் குரலை நான் அவரிடம் அதுவரை கேட்டதில்லை. பயந்த குரல். அடுத்து நான் செய்ததில் எனக்குப் பெருமை உண்டா இல்லையா என்று இன்னும் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் அதைச் செய்யாவிட்டால் நான் இன்று யாருமில்லை.

"இன்னும் சொல்லல" என்றேன். "இந்தப் பாவு முடியட்டும். அடுத்த பாவுல நான் குழியில எறங்கறேன். என் கரையைப் போடறேன். நீங்க இந்தப் பக்கம் உக்காருங்க."

"பையன் எடத்துலயா?"

"இங்க விரல் போதும் மாமா. கண்ணு வேணாம்."

அவர் கீறலின் முனையை விரலால் தேடிப் பிடித்தார். அப்படியே இருவரும் உட்கார்ந்து பிரிக்க ஆரம்பித்தோம். நெய்த பட்டைப் பிரிப்பது நெய்வதைவிட நாலு மடங்கு வேலை. பாவு இழை ஒன்றுகூட நோகாமல், குறுக்கே ஓடிய ஊடையை ஒவ்வொரு வரியாக வெட்டி உருவ வேண்டும். மூன்று நாள் ஆயிற்று. நான் பார்த்து உருவியதில் ஏழெட்டு இழை அறுந்தது. அவர் பார்க்காமல் உருவியதில் ஒன்றுகூட அறுபடவில்லை. அந்த மூன்று நாளில் அவர் பேசியது, "தண்ணி குடுமா" என்று மகளிடம் கேட்டது மட்டும்தான்.

புதுப் பாவு பிணைத்து, அட்டை கட்டி, நான் குழியில் இறங்கிய அன்று காலை அவர் மகளைக் கூப்பிட்டுத் தெருக் கதவைச் சாத்தச் சொன்னார். எங்கள் தெருவில் தறி ஓடும்போது யாரும் கதவைச் சாத்துவதில்லை. வெளிச்சமும் காற்றும் அந்த வழியாகத்தான் வரும். சாத்திய பிறகு கூரையில் பதித்த கண்ணாடி ஓட்டு வெளிச்சம் மட்டும் மிஞ்சியது. புழுக்கம். அவர் சுவரைத் தடவிக்கொண்டு போய் ஓரத்தில் உட்கார்ந்தார். அறுபது வயதுக்காரர் காலை மடக்கப் பட்ட பாட்டை நான் பார்க்காத மாதிரி மிதியைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

தை பிறக்க நாலு நாள் இருக்கும்போது புடவையை முதலாளி முன்னால் விரித்தேன். கரையைப் பார்த்தார். அதைவிட அதிக நேரம் கோர்வையைப் பார்த்தார். விளிம்பிலிருந்து விளிம்பு வரை விரலை ஓட்டிவிட்டு, ஓரத்தில் யார் போட்டது என்றார். வீட்டு ஆள்தான் என்றேன். இந்தக் கையை மாற்றாதே, அடுத்த கரையையும் இதே ஜோடி நெய்யட்டும் என்றார். கதவு சாத்தியிருந்தது எனக்கு இன்னொரு விதத்தில் உதவியது. யாரும் பார்க்காதபடி மாப்பிள்ளை ஏதோ ரகசியக் கரை போடுகிறான் என்று எதிர் வீட்டுக்காரரே ஊரெல்லாம் சொல்லி வைத்தார். பத்துக் கடைகள் கேட்டு அனுப்பின. இப்படித்தான் நான் டிசைன்காரன் ஆனேன்.

பின்கட்டில் குழி வெட்டவே இல்லை. வெட்டி என்ன செய்வது? அவர் ஓரத்தில் இல்லாமல் எனக்கு நெய்ய வராது என்று ஆகிவிட்டது. விரல் விரலாக, வரி வரியாக, நான் எறிகிற வேகத்துக்கு அவர் காத்திருந்து வாங்குவார். காலையில் கரை வரைவேன், பிறகு கதவைச் சாத்துவோம், பொழுது சாயத் திறப்போம். எழுபதுகள் பிறந்ததும் அந்தக் கதவுக்குள்தான். பதினோரு கரை அப்படி வந்தன. பேர் வளர வளர எனக்கும் எழுந்திருக்க முடியவில்லை. ஒரு பாவு முடிவதற்குள் அடுத்ததற்கு ஆள் வந்து நிற்பார்கள்.

ஒரு பங்குனியில், மத்தியானச் சாப்பாட்டுக்கு மேல், வாலாஜாபாத்தில் இருக்கிற, பிள்ளை இல்லாத அவருடைய அக்காவுக்கு முடியவில்லை என்று சேதி வந்தது. நாலு நாள் போய் வருகிறேன் என்றார். அப்போது தறியில் இருந்தது நான் அதுவரை போட்டதிலேயே கஷ்டமான கரை. மூன்று நிறம். கை மாறினால் கோர்வையில் மேடு தட்டும். பாதியில் இருந்தது.

"இந்தப் பாவு முடியட்டும் மாமா" என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவ்வளவு இயல்பாக வாயில் வந்தது. என் மனைவி சாதம் பிசைந்த கையோடு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அவர் சரி என்று தலையாட்டிவிட்டு எழுந்து தறிக்குப் போனார்.

பாவு முடிய இருபது நாள் ஆயிற்று. அதற்குள் அக்கா போய்விட்டார். சாவுக்கு ஒரே நாள் போய்வந்தார், காரியத்துக்கு இரண்டு நாள். மூன்று நிறக் கரைதான் என் கரைகளில் முதலில் நிற்பது. தெரிந்தவர்கள் எவரைக் கேட்டாலும் அதைத்தான் சொல்வார்கள். நானும் அதைத்தான் சொல்வேன். பொய் சொல்லமாட்டேன்.

அந்தப் பிள்ளைகள் நோட்டில் எழுதிக்கொண்டு போவதெல்லாம் நிஜம்தான். ஒரே இடத்தைப் பார், எண்ணு, தினம் போடு, கிழி. நான் சொன்னதுதான், மாற்றிச் சொல்லமாட்டேன். அவர்கள் யாரும் இதைக் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

காரியம் முடிந்து வாலாஜாபாத் பேருந்தில் வந்து இறங்கிய அன்று அவர் ஓய்வெடுத்துக்கொள்வார் என்று மனைவி பாய் விரித்தாள். இன்றைக்கு விடுங்கள் என்று நான் சொல்லியிருக்கலாம். புதுப் பாவு பிணைத்துத் தயாராக இருந்தது. நான் குழியில் இறங்கிக் காத்திருந்தேன். அவர் கால் கழுவிக்கொண்டு, மொட்டையடித்த தலையைத் துண்டால் துடைத்தபடி, பாயைத் தாண்டி வந்து ஓரத்தில் உட்கார்ந்தார். அக்காவைப் பற்றி நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான் முதல் நாடாவை எறிந்தேன். அவர் விரல் அதை வாங்கிக்கொண்டது.